உப்புத்தண்ணித் துரை

டாக்டர் துரைக்குப் பொய் சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு மாதம் வேலை செய்து பார்த்திருக்க வேண்டும். நான் அவருடைய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கண்ணாடிக் குழாய் கழுவினேன். என் முன்பல் ஒன்று அவர் கையால் போனது. கடைசியில் என் தம்பி கருப்பையா தூக்கில் தொங்குவதா வேண்டாமா என்பது அந்த மனிதரின் வாயில் வந்து நின்றது. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் ஆளைத் தெரியாமல் அது விளங்காது.

கொஸ்லந்தைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தகரக் கூரை ஆஸ்பத்திரி. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். அவர் வெள்ளைக்காரர். அவருடைய நாட்டில் பெரிய படிப்பாளிகளோடு வேலை பார்த்தவர் என்றும், அங்கே ஒருவரை எல்லார் முன்னாலும் பொய்யன் என்று சொன்னதால் இங்கே வந்து விழுந்தார் என்றும் மருந்து கலக்குகிறவர் சொல்வார். தமிழை அவர் தன் குதிரைக்காரனிடம் கற்றுக்கொண்டார். அதனால் எல்லாரிடமும் குதிரையிடம் பேசுகிற தமிழ்தான். "நில்லு." "திரும்பு." "வாயத் தொற." பிள்ளை பெற வந்து அலறுகிறவளிடம்கூட "ஓ... ஓ... நில்லு, நில்லு" என்பார். அவள் வலியோடு சிரித்துவிடுவாள்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பின்னறையில் இருப்பார். அங்கே ரத்தமும் உப்புத் தண்ணீரும்தான். ஊசியால் குத்தி எடுத்த ரத்தத்தை வரிசையாகக் குழாய்களில் விடுவார். ஒன்றில் உப்பு அதிகம், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. உப்பு கூடிய தண்ணீரில் ரத்தம் சிவப்பு மண் மாதிரி அடியில் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். உப்பு குறையக் குறைய, ஓர் இடத்தில் படிவது நின்றுபோகும். குழாய் முழுக்கச் சிவப்பாகிவிடும். ரத்தத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, உப்பு போதாத தண்ணீரில் அவை ஊதி வெடித்துவிடுகின்றன என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். சொன்னது எனக்காக இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

கம்பி நுனியில் காய்ந்த ரத்தத்தை வைத்து நெருப்பில் காட்டுவார். ரத்தத்தின் தண்ணீரைக் காட்டினால் நெருப்பு மஞ்சளாக எரியும். பைகளைப் பிரித்து எடுத்துக் காட்டினால் வேறு நிறம், கத்திரிப்பூ நிறம் தெரியும். அதைக் கண்டால் மேசையைக் குத்துவார்.

"வெளிய கடல் உப்பு. உள்ள சாம்பல் உப்பு. நடுவுல ஒரு தோலு, அவ்வளவு மெல்லிசு. ஏன் கலக்கல? யாரு தடுக்கிறா?"

ஆஸ்பத்திரிக்கு விறகு கொண்டுவந்த என் தம்பி அதைக் கேட்டுவிட்டு, "உள்ள ஒரு கங்காணி நிக்கிறானோ என்னவோ தொரை. உள்ள வந்தவன வெளிய வெரட்டிக்கிட்டு" என்றான்.

நான் பயந்துபோனேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கலாம். அப்ப அந்தக் கங்காணிக்கு யாரு சோறு போடுறா?" என்றார். அன்றைக்குச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

குழாயை மழைத்தண்ணீரில்தான் கழுவ வேண்டும். ஓடைத் தண்ணீரில் ஏதோ உப்பு இருக்கிறதாம். ஒருநாள் பீப்பாய் காலியாக இருந்ததால் ஓடையில் கழுவினேன். கணக்குத் தப்பியதும் கூப்பிட்டுக் கேட்டார். மழைத்தண்ணீர்தான் என்றேன். பொம்பளை என்றும் பார்க்காமல் கன்னத்தில் விட்டார் ஓர் அறை. "ஓடையில கழுவுனதுக்கு இல்ல" என்றார். காது இரண்டு நாள் இரைந்தது.

மீனாட்சி விஷயத்துக்கு வருகிறேன். மீனாட்சி என் தம்பியின் பெண்சாதி. வெளிறிப்போய், முகம் ஊதி, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். அப்போது மலையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். வயிற்றில் புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கிற நேரம், அவள் சுருண்டு விழுந்தாள். ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி பிரம்பால் விளாசினான்.

"நடிக்கிறியாடி? எந்திரிடி! கொழுந்து என்ன உங்க அப்பன் வந்து பறிப்பானா?"

முதுகுச் சேலை கிழிந்தது. தம்பியை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் டாக்டர் துரை குதிரையில் அந்த வழியாக வந்தார். இறங்கினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மீனாட்சியின் விரலைக் குத்தி ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். மாதுளைச் சாற்றில் தண்ணீர் ஊற்றினமாதிரி பரவியது. பிறகு கங்காணியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஒன் விரலக் குடு."

"எனக்கெதுக்குங்க தொரை? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அதுக்குத்தான். இந்தத் தோட்டத்துல நல்ல ரத்தம் ஒன் ஒடம்புல மட்டுந்தான் இருக்கு. அது எனக்கு வேணும்."

கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் துரை அவன் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கி அவன் முகத்திலேயே இழுத்தார். மூக்கிலிருந்து காது வரைக்கும் கோடு விழுந்தது. "இவ பொய் சொல்லல" என்றார். குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அவருக்காகச் சூடம் கொளுத்தியவர்கள் இருந்தார்கள். அடுத்த வாரமே அவர்கள் வாயில் மண் விழுந்தது. ஓர் இளவட்டம் சோகை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். உண்மையில் அவன் மலையில் ஏற்கெனவே வாங்கிய அடிக்குப் பயந்து வந்தவன். டாக்டர் துரை அவன் ரத்தத்தைப் பார்த்தார். "நல்ல ரத்தம். இவன் பொய்" என்று சொல்லி, வாசலில் நின்ற அதே கங்காணியிடம் ஒப்படைத்தார். ஆஸ்பத்திரி முற்றத்திலேயே கங்காணி அவனைப் பிரித்து மேய்ந்தான். பையன் "தொரை, தொரை" என்று கத்தினான். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது: டாக்டர் துரை குனிந்து பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவருக்குக் காது கேட்காமல் இல்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் எங்கள் ஆட்கள் கவ்வாத்துச் சாமிக்குக் கிடாய் வெட்டுவார்கள். வெட்டுகிற ஆட்கள் தங்கள் கத்திகளைக் கழுவி, கல்லுக்கு முன்னால் வரிசையாக வைப்பார்கள். கிடாயின் ரத்தத்தைப் பூசாரி எல்லாக் கத்திமேலும் தெளிப்பார். சாமி ரத்தம் குடித்த கத்தி ஆளைக் காவு கேட்காது என்று நம்பிக்கை. டாக்டர் துரை ஒரு வருஷம் அங்கேயும் போத்தலோடு வந்து நின்றார்.

"தொரை, இது சாமிக்கு" என்றார் பூசாரி.

"சாமி குடிச்சு மிச்சம் குடு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாங்கிய ரத்தத்தை அங்கேயே ஒரு குழாயில் விட்டார். தன் விரலைக் குத்தி இன்னொரு குழாயில் விட்டார். இரண்டிலும் ஒரே உப்புத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் ஆட்டு ரத்தம் வெடித்துக் குழாய் முழுக்கச் சிவந்தது. அவருடையது அடியில் படிந்தது. "ஆட்டோட பை சின்னது, சீக்கிரம் வெடிக்கும். மனுசனோடது தாங்கும்" என்றார். கருப்பையாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரர் வரைக்கும் அந்த வித்தை பேச்சாகப் போனது.

மறுவருஷம் கவ்வாத்துக்கு முந்தின வாரம் டாக்டர் துரை பதுளைக்குப் போயிருந்தார். மீனாட்சிக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டைக் கங்காணி அவள் முகத்திலேயே எறிந்தான். முழுகாமல் இருந்தவளை லயத்திலிருந்து முடியைப் பிடித்து இழுத்துப் போனான். வடிகானில் விழுந்தவளை மிதித்தான். அன்றைக்கே வயிற்றில் இருந்தது போனது. பிறகு அவளும் போனாள். உடம்பை நான்தான் கழுவினேன். முதுகில் கைவைக்க இடமில்லை. கருப்பையா அழவில்லை. அழாதது எனக்குப் பிடிக்கவில்லை.

கவ்வாத்துப் பூசை அன்று காலை மூடுபனி. பூசைக்குப் போகிற பாதையில் கங்காணியைப் பின்னாலிருந்து எவனோ தொடையில் வெட்டிவிட்டான். வெட்டியவன் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்ததால் யாருக்கும் ஆள் அடையாளம் தெரியவில்லை. கூடையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ரத்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் அமுக்கினேன். வெட்டுக்காயம் வந்தால் அமுக்கிப் பிடிப்பதும் என் வேலைதான். நின்றது.

டாக்டர் துரை பின்னறையிலிருந்து வந்தார். கங்காணியைப் பார்த்தார். அவர் கண் மாறியதை நான் பார்த்தேன். உள்ளே போய்க் கண்ணாடி மணிகள் போட்ட பெரிய போத்தலை எடுத்துவந்தார்.

"கைய எடு."

"தொரை, ரத்தம் போயிரும்."

"எடு."

எடுத்தேன். சந்தோஷமாகத்தான் எடுத்தேன். போத்தல் நிறைந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அதைக் குலுக்க வேண்டும். குலுக்கினார். குலுக்கி முடித்து மூடிவைத்த பிறகுதான் தொடையைக் கட்டினார். கங்காணி கண்ணைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் செத்தான்.

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையும் போலீசும் வந்தார்கள். தம்பிமேல்தான் சந்தேகம். ஆனால் அவன் கத்தி மற்றக் கத்திகளோடு சாமி முன்னால் இருந்தது, எல்லாவற்றிலும் ஆட்டு ரத்தம். அவன் வெட்டிவிட்டு, கத்தியைப் புல்லில் துடைத்து, நேரே போய் வரிசையில் வைத்துவிட்டிருந்தான். டாக்டர் துரையின் வித்தை அவனுக்குத் தெரியும். ஆனாலும் சாமி ரத்தம் மேலே விழுந்துவிட்டால் கீழே இருக்கிறது அதோடு கலந்து அதுவாகவே ஆகிவிடும் என்று நம்பினான். எனக்கு ரகசியமாக அப்படித்தான் சொன்னான். நானும் நம்பினேன். போலீஸ் எல்லாக் கத்தியையும் ஈரக் கோணியில் சுற்றிக்கொண்டுவந்து ஆஸ்பத்திரி மேசையில் போட்டது.

கத்திக்கும் பிடிக்கும் நடுவே இருக்கிற சந்தில் ரத்தம் காயாமல் நிற்கும். அதை டாக்டர் துரை ஊசியால் கிளறி எடுத்து, ஒவ்வொரு கத்திக்கும் ஒரு குழாயில் விட்டார். ஆட்டு ரத்தம் வெடித்துப்போகிற, மனித ரத்தம் தாங்குகிற அளவு உப்பு. வைத்துவிட்டு, படியட்டும் என்று சாப்பிடப் போனார். போலீஸ்காரர் வாசலில் சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் குழாய்களைப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, எல்லாம் ஒரே சிவப்பு. செம்புக் கம்பி சுற்றிய பிடியுள்ள கத்தி தம்பியுடையது. அதன் முன்னால் நின்ற குழாயும் சிவப்புதான். ஆனால் அடியில் மண் படிந்திருந்தது. மெல்லிய ஒரு படிவு. கலக்கவில்லை. சாமி ரத்தம் வெடித்துப்போயிற்று. கங்காணியின் ரத்தம் கீழே உட்கார்ந்திருந்தது.

குழாய்த் தாங்கியை அப்படியே தூக்கிச் சுவரில் அடித்தேன்.

ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புறங்கையால் வாயில் அடித்தார். பல் விழுந்தது. ஏன் உடைத்தாய் என்று கேட்கவில்லை. செம்புக் கம்பிக் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சந்தை மறுபடி ஊசியால் கிளறினார்.

"இன்னும் இருக்கு" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன். "தொரை, ஆடுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. மீனாட்சிய மிதிச்சுக் கொன்னான் தொரை அவன்."

"தெரியும்."

"அப்ப சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன கொறைஞ்சிரும்?"

"ஆடு இல்லயே" என்றார். கல்மனசாகச் சொல்லவில்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு குனிந்து, என் வாயிலிருந்து வழிந்ததை ஒரு கண்ணாடிக் குச்சியால் தொட்டு எடுத்தார். பக்கத்துக் குழாயில் விட்டார். ஒத்துப் பார்க்க நிச்சயமான மனித ரத்தம் ஒன்று வேண்டியிருந்தது, என்னுடையது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என் ரத்தமும் கத்தி ரத்தமும் ஒரே மாதிரி அடியில் படிந்தன. என் ரத்தத்தை வைத்து என் தம்பியைப் பிடித்துக் கொடுத்தார்.

பதுளைக் கோர்ட்டில் அதை அப்படியே சொன்னார். அவர் இங்கிலீஷில் சொல்ல, மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். மற்றக் கத்திகள் ஆடு. இந்தக் கத்தியில் ஆடும் மனிதனும். பெரிய துரை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். கூண்டுக்குள் கருப்பையா என்னைத் தேடிக்கொண்டிருந்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பார்த்தால் கத்திவிடுவேன்.

தம்பிக்காகப் பேச வைத்திருந்த வக்கீல் எழுந்து ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த மாதிரிதான். டாக்டர் துரை சாட்சிக் கூண்டைவிட்டு இறங்கக் காலை எடுத்துவைத்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பேச்சுக்குக் கேட்பதுபோல ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் சொன்னார்: "வெட்டு எப்படியும் ஆள் சாகிற வெட்டுத்தானே?"

டாக்டர் துரை திரும்பி ஏறினார். ஒரு சொல் சொன்னார். பிறகு வெகுநேரம் சொன்னார். மொழிபெயர்ப்பவர் தமிழில் தொடங்கி, நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். அவர் திரும்பவும் அதையே சொன்னார்.

"இல்லை என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ரத்தம் நிறுத்தப்பட்டிருந்தது என்கிறார். ஓர் உதவிக்காரி கையால் அமுக்கியிருந்தாளாம். கையை எடுக்கச் சொன்னது தான்தான் என்கிறார். ஆராய்ச்சிக்கு நல்ல ரத்தம் தேவைப்பட்டதால் முதலில் ஒரு போத்தல் நிரப்பினாராம். உடனே கட்டியிருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்கிறார்."

பெரிய துரை காலைக் கீழே போட்டார். கோர்ட்டில் ஒரே கூச்சல். டாக்டர் துரை மட்டும் அசையாமல் நின்றார். முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. குழாயில் என்ன தெரிகிறது என்று சொல்லும்போது இருக்கிற முகம்தான்.

கருப்பையாவுக்குத் தூக்கு இல்லை. கடும் வேலையோடு நீண்ட சிறை. உயிர் தப்பியது.

டாக்டர் துரையின் வேலை போயிற்று. வழக்குப் போட்டார்களா, கப்பலில் ஏற்றிவிட்டால் போதும் என்று விட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. தோட்டத்திலிருந்து ஓர் ஆளும் அவர் சாமானைத் தூக்க வரவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு அவர் துரோகி, எங்கள் ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்தவர். நான்தான் வந்தேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கண்ணாடிச் சாமான்கள் இருந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெரகல வரைக்கும் அவர் பின்னால் ஏறினேன். அங்கே வண்டி காத்திருந்தது. ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் ரத்தம் இன்னும் பாதிதான்.

கடைகள் கண்ணுக்குத் தெரிந்தபோது கேட்டேன்.

"தொரை, கோர்ட்டுல அதச் சொன்னீங்களே. எந்தம்பியக் காப்பாத்தவா சொன்னீங்க?"

"இல்ல. கேட்டாங்க. சொன்னேன்."

"கேக்காம இருந்திருந்தா?"

நின்றார். நிஜமாகவே யோசித்தார். அந்த இடத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும் ஒரு பெண்பிள்ளைக்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருப்பான்.

"எறங்கிப் போயிருப்பேன்" என்றார்.

நான் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினேன். எறியவில்லை. நடுரோட்டில் மெல்ல வைத்தேன். கொஸ்லந்தைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

"ஏய், பெட்டி!" என்று கூப்பிட்டார். "ஏய், நில்லு!"

வளைவு திரும்புகிற வரைக்கும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிற்கவில்லை.